நாயின் காது நுனியில் ஆறாத புண்: பொருக்குக் கட்டுகிறது, உதறினால் மறுபடி ரத்தம்

முத்துவின் அக்கா எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் முத்துவுக்கு ஆறு வயது இருக்கும். சிங்கப்பூர் ஸ்பெஷல், அதாவது உள்ளூர்க் கலப்பின நாய். வீவக வீடுகளில் இந்த மாதிரி நாய்களை வளர்க்க அனுமதிக்கும் அடோர் திட்டத்தில் தத்தெடுத்தோம். யீஷூனில் வீவக (அரசு அடுக்குமாடி) வீடு. எனக்கு ஷிப்ட் வேலை, பகலில் அம்மாதான் அவனோடு இருப்பார்.

வலது காது நுனியில் ஒரு புண். முதலில் சின்னக் கீறல்தான். பொருக்குக் கட்டும், சில நாள் நன்றாக இருக்கும். அப்புறம் தூங்கி எழுந்ததும் தலையை ஒரு உதறு உதறுவான், பொருக்கு தெறித்துவிடும். ரத்தம் சுவரில், சோபாவில், மேலே மின்விசிறி இறக்கையில்கூட. நேற்று லிஃப்டுக்குள் உதறிவிட்டான். பக்கத்து வீட்டு ஆன்ட்டி நல்லவர், பயந்துபோனாலும் கைப்பையிலிருந்து டிஷ்யூ எடுத்துக் கொடுத்துத் துடைக்க உதவினார்.

கிளினிக்கில் ஆன்டிபயாட்டிக் மாத்திரையும் களிம்பும் கொடுத்து, கழுத்தைச் சுற்றிப் புனல் மாதிரி இருக்கும் கோன் மாட்டி அனுப்பினார்கள். மாத்திரை தீர்ந்தது, புண் தீரவில்லை. மறுபடி போனபோது வேறு களிம்பு. காதைக் கட்டிவிடலாமா என்று கேட்டதற்கு, கட்டினாலும் கழற்றிவிடும் என்றார்கள். இப்படியே போனால் நுனியை வெட்ட வேண்டியிருக்கும் என்று ஒருவர் சொன்னதிலிருந்து அம்மாவுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. இதற்கு முன்னால் இந்த மாதிரிப் பார்த்தவர்கள் யாராவது வழி சொல்லுங்கள்.

தெருநாய்த்தோழன் எழுதியது:

தங்கச்சி, பயப்படாதீர்கள். காது நுனிப் புண் ஆறுவதற்கு நாளாகும், ஆனால் ஆறக்கூடியதுதான். நான் காப்பகத்தில் தொண்டூழியம் செய்கிறேன். இந்த மாதிரிக் காதுகளை நிறையப் பார்த்தாயிற்று. களிம்பின் பெயரைச் சொல்வதற்கு முன்னால் சில விஷயம் கேட்க வேண்டும்.

புண் வந்த பிறகு உதற ஆரம்பித்தானா, அதற்கு முன்பிருந்தே உதறுவானா? இதுதான் முக்கியமான கேள்வி. காதுக்குள்ளே மூக்கை வைத்துப் பாருங்கள், புளித்த வாடை அடிக்கிறதா? உள்ளே பழுப்பு நிறத்தில் அழுக்கு இருக்கிறதா? இடது காது எப்படி இருக்கிறது? பாதத்தை நக்குகிறானா? உண்ணி மருந்து மாதம் தவறாமல் போகிறதா?

இன்னொன்று. காது மடலின் ஓரத்தை இரண்டு விரலுக்கிடையில் வைத்து மெதுவாகத் தேய்த்துப் பாருங்கள். அந்தப் பக்கத்துப் பின்னங்கால் தானாகச் சொறிவதுபோல் ஆடினால் சொறிப்பூச்சி இருக்குமோ என்று டாக்டர் சந்தேகப்படுவார். அது மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது, ஆனால் அவரிடம் சொல்ல வேண்டிய சங்கதி.

பிடோக் அம்மா எழுதியது:

அம்மாடி, எங்கள் வீட்டில் எந்த நாய்க்குப் புண் வந்தாலும் மஞ்சளும் தேங்காய் எண்ணெயும் குழைத்துத்தான் போடுவோம். வேப்பிலை அரைத்தும் போடலாம். தேக்காவில் வேப்பிலை கிடைக்கும். கிளினிக்குக் கொட்டுகிற பணத்தை மிச்சம் பிடிக்கலாம். போட்டுப் பார்.

முத்துவின் அக்கா எழுதியது:

அண்ணா, நீங்கள் கேட்ட பிறகு யோசித்தேன். புண் வருவதற்கு முன்பிருந்தே உதறுவான். அது அவன் பழக்கம் என்று நாங்கள் நினைத்திருந்தோம், யாரும் அதைப் பற்றிக் கேட்கவும் இல்லை. காதுக்குள் வாடை இருக்கிறது, கொஞ்சம் புளிப்பு வாடை. பழுப்பு மெழுகு மாதிரி ஒட்டியிருக்கிறது. இடது காதிலும் அதே மெழுகு, ஆனால் புண் இல்லை. மழைக்காலம் வந்தால் பாதத்தை நக்குவான். உண்ணி மருந்து ஒழுங்காகப் போகிறது. ஓரத்தைத் தேய்த்துப் பார்த்தேன், கால் ஆடவில்லை.

பிடோக் அம்மா, மிக்க நன்றி. எங்கள் அம்மாவும் இதையேதான் சொல்கிறார்.

வெட் கிளினிக் தங்கை எழுதியது:

நான் கிளினிக்கில் நர்ஸாக வேலை பார்க்கிறேன், டாக்டர் இல்லை. அதனால் நோய் இன்னதென்று சொல்ல மாட்டேன். ஆனால் இந்தக் காது ஏன் ஆறவில்லை என்று சொல்ல முடியும்.

காது மடலுக்குள் மெல்லிய குருத்தெலும்பு. இரண்டு பக்கமும் தோல் அதன்மேல் இழுத்து ஒட்டியிருக்கிறது. நடுவில் கொழுப்போ தசையோ கிடையாது. தொடையில் ஒரு வெட்டு விழுந்தால் சுற்றியுள்ள தோல் சுருங்கி வந்து மூடிக்கொள்ளும். காதில் அப்படி இழுத்து மூடத் தளர்ந்த தோல் இல்லை. ரத்தக் குழாய்களோ ஏராளம், அதனால் சின்ன விரிசலுக்கே அவ்வளவு ரத்தம். தலையை உதறும்போது ரத்தம் நுனிக்குத் தள்ளப்படுகிறது, நுனி போய் மண்டையிலோ கழுத்துப் பட்டையிலோ அடிக்கிறது. புதுத் தோல் வளர ஆரம்பித்த இடம் ஒவ்வொரு அடியிலும் கிழிகிறது.

கோனையும் ஒரு தடவை பாருங்கள் அக்கா. கோன் குட்டையாகவோ ஓரம் கூர்மையாகவோ இருந்தால், உதறும்போது காது நுனி அதன் விளிம்பிலேயே போய்ப் படும். காலால் சொறியாமல் தடுக்கக் கோன் வேண்டும், சந்தேகமில்லை. ஆனால் உதறலைக் கோனால் நிறுத்த முடியாது. விளிம்பில் ரத்தக் கறை இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள்.

உதறல் முதலில் வந்தது, புண் பிறகு வந்தது என்கிறீர்கள். அப்படியானால் காதுத் துளைக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்காமல் நுனிக்கு எந்தக் களிம்பு போட்டும் பயனில்லை. உள்ளே அரிக்கிறவரை உதறுவான், உதறுகிறவரை ஆறாது. கருவி விட்டுச் செவிப்பறை வரை பார்க்கச் சொல்லுங்கள், அழுக்கை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கச் சொல்லுங்கள். ஈஸ்ட் என்கிற பூஞ்சையா பாக்டீரியாவா என்று அன்றைக்கே தெரிந்துவிடும். அதுவரை நீங்களாக எதையும் காதுக்குள் ஊற்றாதீர்கள். செவிப்பறை கிழிந்திருந்தால் சில மருந்துகள் கேட்கும் திறனையே பாதிக்கும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினியும் அதில் ஒன்று.

தெருநாய்த்தோழன் எழுதியது:

தங்கை சொன்னதுதான் சரி. புண்ணை விட்டுவிட்டு உதறலைத் துரத்துங்கள்.

பிடோக் அம்மா, கோபித்துக்கொள்ளாதீர்கள். மஞ்சள் கெட்டது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் மஞ்சள் பூசிய புண் சிவந்திருக்கிறதா, சீழ் வைத்திருக்கிறதா என்று நமக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. எண்ணெயில் முடியும் தூசியும் ஒட்டும். எரிந்தாலோ பிசுபிசுத்தாலோ நாய் இன்னும் உதறும், அதுதான் இங்கே பெரிய ஆபத்து.

நம் வீடுகளில் கைக்கு எட்டுகிற சில பொருளைக் கட்டாயம் தள்ளி வையுங்கள். கோடாலித் தைலம் நாய்க்கு வேண்டவே வேண்டாம், அதிலுள்ள கற்பூரமும் மெந்தாலும் நக்கினால் விஷம். டீ ட்ரீ எண்ணெயும் அப்படித்தான். குழந்தைக்குப் போடும் துத்தநாகக் களிம்பை நக்கி விழுங்கினால் நல்லதல்ல. வலிக்குமே என்று பனடால் கொடுத்துவிடாதீர்கள், ஐபுபுரூஃபனும் கூடாது. ஸ்பிரிட்டும் ஹைட்ரஜன் பெராக்சைடும் புதிதாக வளரும் திசுவையே கருக்கிவிடும்.

கழுவ உப்புத் தண்ணீர் போதும். பார்மசியில் சலைன் கிடைக்கும். வீட்டில் செய்வதானால் கொதித்து ஆறிய அரை லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஒரு தேக்கரண்டி உப்பு. பொருக்கைப் பிய்க்காதீர்கள். அழுக்கு சேர்ந்திருந்தால் நனைத்த காஸ் துணியை அதன்மேல் சும்மா வைத்திருங்கள், ஊறி வருவது வரட்டும், வராததை விட்டுவிடுங்கள். ரத்தம் வந்தால் காஸை மடித்து நுனியை இரண்டு பக்கமும் அழுத்திப் பிடியுங்கள், ஐந்து முதல் பத்து நிமிடம். நடுவில் எடுத்து எடுத்துப் பார்த்தால் உறைந்தது கலைந்துவிடும்.

கிராஞ்சி நர்சரிக்காரன் எழுதியது:

வீட்டு நாய்க்கு இது பொருந்தாமல் இருக்கலாம், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். நான் கிராஞ்சிப் பக்கம் செடி நர்சரியில் வேலை செய்கிறேன். இங்கே காவல் நாய்களுக்குக் காது நுனிப் புண் என்றால் முதல் சந்தேகம் ஈதான். வீட்டு ஈ இல்லை, கடித்து ரத்தம் குடிக்கிற ஈ. பார்க்க வீட்டு ஈயைப் போலத்தான் இருக்கும், வாய் மட்டும் ஊசியாக முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும். நிமிர்ந்த காதுள்ள நாய்க்கு நுனியில் கடிக்கும், காது மடிந்த நாய்க்கு மடிப்பின்மேல் கடிக்கும். கறுப்பாகப் பொருக்குத் தட்டும், ரத்த வாடைக்கு இன்னும் ஈ வரும். அழுகிய இலைதழையிலும் சாணத்திலும்தான் முட்டை வைக்கும், அதனால் எரு மூட்டையை நாய்க் கூண்டுக்குப் பக்கத்தில் வைக்க நாங்கள் விடுவதில்லை.

இதைவிட மோசமானது புழு வைக்கும் ஈ. நம் வட்டாரத்தில் அது உண்டு. திறந்த புண்ணில் முட்டையிட்டால் புழு உயிருள்ள சதையையே தின்று உள்ளே போகும். புண்ணில் திடீரென்று நாற்றம் கூடினாலோ உள்ளே ஏதாவது நெளிந்தாலோ மறுநாள் வரை காத்திருக்காதீர்கள், அன்றைக்கே கிளினிக். வேப்பெண்ணெய் ஊற்றிப் பார்ப்போம் என்று நிற்காதீர்கள். நாய்க்கு அது தாங்க முடியாத வலி.

டக்கியின் அப்பா எழுதியது:

எங்கள் டாஷ்ஹண்டுக்கு இரண்டு காது ஓரமும் ஒரே சமயத்தில் இப்படி ஆனது. முடி கொட்டி, தோல் கறுத்து, நுனியில் பிளவு விழுந்து, பிறகு சின்னத் துண்டு மாதிரி உதிர்ந்தது. அரிப்பே இல்லை, உதறலும் குறைவு. கடைசியில் தோல் டாக்டர் காது ஓரத்தில் ஒரு துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்பினார். நுண்ணிய ரத்தக் குழாய்களில் அழற்சி, நுனிக்கு ரத்தம் சரியாகப் போகவில்லை என்று தெரிந்தது. பென்டாக்ஸிஃபிலின் மாத்திரை, சாப்பாட்டோடு. அது மெதுவாகத்தான் வேலை செய்யும், மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். இப்போது நன்றாக இருக்கிறான்.

முத்துவுக்கு ஒரு காதில்தான் புண், உள்ளே அழுக்கும் இருக்கிறது, அதனால் இது அநேகமாக அவனுக்கு இல்லை. ஆனால் காதுக்குள் சரியான பிறகும் நுனி ஆறாவிட்டால் பயாப்சி கேளுங்கள். வயதான நாய்க்கு, முக்கியமாக வெள்ளைக் காதுள்ள நாய்க்கு, ஆறாத புண் புற்றாகவும் இருக்கலாம். பயமுறுத்தச் சொல்லவில்லை, சீக்கிரம் தெரிந்தால் நுனியோடு போய்விடும் என்பதற்காகச் சொல்கிறேன்.

முத்துவின் அக்கா எழுதியது:

வேறொரு கிளினிக்குக்குப் போய் வந்தோம். அண்ணாவும் தங்கையும் எழுதியதைத் தாளில் குறித்துக்கொண்டு போனேன். டாக்டர் பொறுமையாகக் கேட்டார். முதலில் காதுக்குள்தான் பார்த்தார், நுனியை அப்புறம்தான் பார்த்தார். செவிப்பறை கிழியவில்லை. அழுக்கை எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தேய்த்துச் சாயம் போட்டு, மைக்ரோஸ்கோப்பில் என்னையும் பார்க்கச் சொன்னார். ஊதா நிறத்தில் கூட்டம் கூட்டமாக ஈஸ்ட். இரண்டு காதிலும்.

நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஈஸ்ட் சாதாரணமாக வரும், ஆனால் பாதத்தை நக்குவதும் சேர்ந்திருப்பதால் அடியில் அலர்ஜி இருக்கலாம் என்றார். ரத்தமும் எடுத்தார், உண்ணிக் காய்ச்சல் இருந்தால் ரத்தத்தை உறைய வைக்கும் பிளேட்லெட் குறைந்து ரத்தம் நிற்காமல் போகலாமாம். அது நன்றாகவே இருக்கிறது. காதைக் கழுவ ஒரு மருந்து, உள்ளே விடச் சொட்டு மருந்து, அரிப்புக்கு மாத்திரை. நுனிக்கு வெள்ளி கலந்த களிம்பு, மெல்லிய பூச்சு மட்டும். வெட்டுவது பற்றி இப்போது பேச்சே இல்லை என்றார். அம்மா அங்கேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

தங்கை, கோன் விளிம்பில் நீங்கள் சொன்ன அதே இடத்தில் ரத்தக் கறை இருந்தது! பெரிய கோன் வாங்கிவிட்டேன், ஓரத்தில் மெத்தென்ற துணி உள்ளது.

மருந்து வேலை செய்யும் வரை காதைக் கட்டி வைக்கலாம் என்று டாக்டரும் சொன்னார், நர்ஸ் ஒரு தடவை கட்டியும் காட்டினார். வீட்டுக்கு வந்து நான் கட்டியதை முத்து உடனே கழற்றிவிட்டான். எப்படி அண்ணா கட்டுவது?

தெருநாய்த்தோழன் எழுதியது:

நல்ல சேதி. சரி, கட்டு.

காதுக்குள் தொற்று இருக்கும்போது துளையை மூடிக் கட்டக் கூடாது, உள்ளே வேர்த்து ஈஸ்ட் இன்னும் பெருகும். நுனி ஆடாமல் இருக்க வேண்டும், துளைக்குக் காற்றுப் போக வேண்டும், சொட்டு மருந்து விட இடமும் வேண்டும். அதனால் காதைத் தலைமேல் மடித்து வையுங்கள். மடலின் உள்பக்கம் மேலே பார்க்கும், துளை வெளியே தெரியும்.

காதுக்கும் தலைக்கும் நடுவில் காஸ் ஒரு மடிப்பு. புண்ணின்மேல் ஒட்டாத பேட், சாதாரணப் பஞ்சு வேண்டாம், காய்ந்து ஒட்டிக்கொண்டு எடுக்கும்போது பொருக்கையும் கொண்டுபோகும். அதன்மேல் மென்மையான பேண்டேஜ், தனக்குத்தானே ஒட்டும் ரகம். தலையைச் சுற்றி நல்ல காதுக்கு முன்னால் ஒரு சுற்று, பின்னால் ஒரு சுற்று என்று எட்டுப் போட்டுக் கட்டினால் நழுவாது. நல்ல காதை வெளியே விட்டுவிடுங்கள், அதுதான் கட்டைப் பிடித்து நிறுத்தும். இழுத்துக் கட்டாதீர்கள். சுருளிலிருந்து முதலில் தளர்த்திவிட்டு, பிறகு சும்மா படிய வைத்தால் போதும். முடித்ததும் தாடைக்குக் கீழே இரண்டு விரல் தாராளமாகப் போக வேண்டும். கட்டிய பிறகு ஒரு மணி நேரம் கூடவே உட்காருங்கள். மூச்சில் சத்தம், முகத்தில் வீக்கம், எச்சில் வழிதல், எது வந்தாலும் உடனே எடுத்துவிடுங்கள்.

கட்டின்மேல் பேனாவால் காது எங்கே மடிந்திருக்கிறது என்று படம் போட்டு வையுங்கள். அவிழ்க்கும்போது கத்தரிக்கோல் வைக்கிற ஆளுக்கு அது தெரிய வேண்டும். பேண்டேஜை வெட்டுகிறேன் என்று காது நுனியை வெட்டிய சம்பவங்கள் உண்டு, அதனால்தான் கிளினிக்குகளிலும் இப்படிக் குறிப்பார்கள். கத்தரி நல்ல காதுப் பக்கம்தான் போக வேண்டும்.

கட்டு தினமும் மாற்ற வேண்டும். நனைந்தால் அப்போதே. இந்த மழையில் கீழே நடக்கக் கூட்டிப்போனால் புளோக் அடியிலேயே சுற்றிவிட்டு வாருங்கள். அவனுக்குக் கட்டே பிடிக்கவில்லை என்றால் பழைய விளையாட்டுக் காலுறையின் கணுக்கால் பகுதியை வெட்டி, தலைப்பட்டை மாதிரி மாட்டலாம். அதைத் துவைத்துத் துவைத்துப் போடலாம் என்பது வசதி. ஆனால் அளவு இறுக்கமாக இருக்கவே கூடாது, வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும். மாட்டும்போது ஒருவர் கட்டட்டும், இன்னொருவர் முன்னால் உட்கார்ந்து வேகவைத்த கோழியைத் துணுக்குத் துணுக்காகக் கொடுக்கட்டும். கட்டு வந்தால் கோழி வரும் என்று அவன் படித்துக்கொள்வான். அலர்ஜிக்காக டாக்டர் உணவை மாற்றியிருந்தால் மட்டும் கோழி கொடுக்கலாமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பிடோக் அம்மா எழுதியது:

தம்பி சொன்னதில் எனக்குக் கோபமில்லை. கோடாலித் தைலம் விஷயம் எனக்குத் தெரியாது, நல்லவேளை சொன்னீர்கள். அந்தப் பிள்ளைக்குச் சீக்கிரம் ஆறட்டும். கட்டுப் போட்ட படம் ஒன்று போடம்மா.

முத்துவின் அக்கா எழுதியது:

அம்மா கோழி கொடுக்கிறார், நான் கட்டுகிறேன். இப்போது பேண்டேஜ் டப்பாவை எடுத்தாலே வந்து உட்கார்ந்துகொள்கிறான். உதறல் நன்றாகக் குறைந்துவிட்டது, சொட்டு மருந்து விட்டவுடன் மட்டும் ஒரு தடவை உதறுகிறான். காதுக்குள் வாடையும் போய்விட்டது. ஆனால் புண் இளஞ்சிவப்பாக, ஈரமாக, கொஞ்சம் மேடாக இருக்கிறது. இது நல்லதா கெட்டதா? அம்மா சதை வளர்கிறது என்று பயப்படுகிறார்.

வெட் கிளினிக் தங்கை எழுதியது:

இளஞ்சிவப்பு, பொடிப்பொடியாக, தொட்டால் லேசாக ரத்தம் கசிவது: அது புதுத் திசு, நல்ல அறிகுறிதான். அதன்மேல்தான் ஓரத்திலிருந்து தோல் ஊர்ந்து வந்து மூடும். மஞ்சள் பச்சை நிறத்தில் வடிந்தாலோ, நுனி சில்லென்று கறுத்தாலோ, மடல் முழுக்கச் சூடாக வீங்கினாலோ போன் போடுங்கள். கட்டுக்குக் கீழே நுனி கறுத்தால் கட்டு இறுக்கம் என்றும் அர்த்தம், முதலில் அதை அவிழ்த்துவிடுங்கள்.

ஒரு வேண்டுகோள் அக்கா. உதறல் நின்றுவிட்டது என்று சொட்டு மருந்தைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். வாடை போவது முதலில் நடக்கும், ஈஸ்ட் போவது அப்புறம்தான். மறுபரிசோதனையில் டாக்டர் மறுபடி மைக்ரோஸ்கோப்பில் பார்த்துச் சொல்லட்டும். கிளினிக்கில் திரும்பத் திரும்ப வருகிற காதுகளில் நிறையப் பேர் இந்த இடத்தில்தான் நிறுத்தியிருப்பார்கள்.

செங்காங் புதியவர் எழுதியது:

நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். எங்கள் நாய்க்குப் புண் இல்லை, காது மடலே உப்பி மெத்தென்று இருக்கிறது. இதுவும் உதறுவதால் வருவதா?

வெட் கிளினிக் தங்கை எழுதியது:

ஆமாம், பெரும்பாலும் உதறியோ சொறிந்தோ மடலுக்குள் ரத்தக் குழாய் உடைந்து ரத்தம் தேங்கியிருக்கும். நீங்களாக ஊசி குத்தி எடுக்காதீர்கள், சீழ் பிடித்துவிடும். இன்றோ நாளையோ காட்டுங்கள். அங்கேயும் காதுக்குள் பார்க்கச் சொல்லுங்கள். தனி இழை தொடங்குங்கள், விவரமாகப் பேசலாம்.

முத்துவின் அக்கா எழுதியது:

புண் மூடிவிட்டது! நுனியில் முடியில்லாமல் ஒரு சின்ன வடு, விளிம்பில் கடுகளவு பள்ளம், அவ்வளவுதான். மறுபரிசோதனையில் வலது காதில் ஈஸ்ட் இல்லை, இடது காதில் கொஞ்சம் மிச்சம் இருந்ததால் அதற்கு மட்டும் மருந்து தொடர்கிறது. அலர்ஜிக்கு உணவுச் சோதனை ஆரம்பிக்கிறோம், குறைந்தது எட்டு வாரம் அந்த ஒரே உணவுதானாம். கோழி இனி கிடையாது என்பதை முத்துவுக்கு யார் சொல்வது என்று அம்மா கேட்கிறார்.

கடைசியாக ஒன்று. இனிமேல் காதை எத்தனை நாளுக்கு ஒருமுறை கழுவ வேண்டும்? காட்டன் பட் உபயோகிக்கலாமா?

வெட் கிளினிக் தங்கை எழுதியது:

மிக்க மகிழ்ச்சி அக்கா! அம்மாவுக்கும் சொல்லுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்பதை அவன் காதைப் பார்த்த டாக்டர்தான் சொல்ல வேண்டும். அடிக்கடி கழுவினாலும் தோல் ஊறிப்போகும். காட்டன் பட் வேண்டாம். நாயின் காதுத் துளை நேராகக் கீழே போய் உள்ளே மடங்குகிறது, பட் அழுக்கை அந்த மடிப்புக்குள் தள்ளிவிடும். கழுவும் மருந்தை விட்டு, காதின் அடிப்பகுதியைப் பிசைந்துவிடுங்கள், சளக் சளக் என்று சத்தம் கேட்க வேண்டும். அவன் உதறி வெளியே தள்ளுவதைப் பஞ்சால் துடைத்தால் போதும். இனி அந்த ஒரு உதறலுக்குப் பயம் வேண்டாம். குளிப்பாட்டிய பிறகு மறக்காமல் துளையைச் சுற்றித் துடைத்துக் காய வையுங்கள், வாரம் ஒருமுறை மூக்கை வைத்து வாடை பாருங்கள். புளிப்பு வாடை திரும்பினால் உதறல் தொடங்கும் முன்பே கூட்டிப்போங்கள்.